பாண்டிதுரை, பி.டி.எச்.

ஆண்டவருடைய அழைப்பு யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எபனேசர் பாண்டிதுரைக்கு அது ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குள் வந்தது.

இராஜபாளையத்தில் அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி அது. உள்ளே குனிந்து நின்று பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். தொட்டியின் வாய் வழியாக மனைவி சாராளின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகம் அன்றைய வேலைகளை வரிசையாக ஒப்பித்தது. இது முடிந்ததும் மிளகாய்ப்பொடி அரைக்க மில்லுக்குப் போக வேண்டும். ரேஷனுக்குப் போக வேண்டும். மத்தியானம் மகாராஜபுரம் போய் மாமியாரை ஏற்றிக்கொண்டு முட்டுவலி டாக்டரிடம் காட்ட வேண்டும். வந்து ஏழு சேலைக்கு இஸ்திரி போட வேண்டும்.

பாண்டிதுரைக்குக் கண்ணைக் கட்டியது. பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் அவர் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பேர் அவர் சொன்னால் கேட்பார்கள். சூப்பர்வைசர்களுக்குச் சனிக்கிழமை லீவு. அந்த லீவை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போய்விடும், மற்ற ஐந்து நாள் யூனிட்டுக்குப் போய்விடும். இந்த ஒரு நாளை எப்படியாவது மீட்டெடுத்தே தீருவது என்று தொட்டிக்குள் நின்றபடியே சபதம் செய்தார்.

வழியும் அங்கேயே உதித்தது. போன ஞாயிறு கோயிலில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலய ஹாலில் சனிக்கிழமைதோறும் இறையியல் வகுப்பு. மீதிப் பாடம் தபால் வழி. மூன்று வருடம் படித்தால் பி.டி.எச். பட்டம். சாராள் எதை வேண்டுமானாலும் தடுப்பாள், ஆண்டவரைத் தடுப்பாளா? அவள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர்.

தொட்டியிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"சாரா, எனக்கு அழைப்பு வந்திருக்கு."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லட்டி. ஊழியத்துக்கு. ஆண்டவரே கூப்பிடுதாரு."

"எப்பம் வரச் சொல்லுதாரு?"

"சனிக்கிழம சனிக்கிழம."

சாராள் அவரைச் செத்த நேரம் பார்த்தாள். தொடக்கப் பள்ளியில் இருபது வருடமாக டீச்சர் வேலை பார்ப்பவள். வயிற்றுவலி என்று சொல்கிற பையன்களை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று.

"போயிட்டு வாங்க. ஆண்டவரு வேலைன்னா நான் குறுக்க நிக்க முடியுமா?" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே பாண்டிதுரை உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆன மனிதருக்கு அந்தப் புத்தி வரவில்லை.

வகுப்பு காலை பத்து முதல் மத்தியானம் ஒன்று வரை. வீட்டில் அவர் சொன்னது பத்து முதல் ஐந்து வரை. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கழித்தார். அங்கே அவருடைய பழைய சிநேகிதர் அபுபக்கர் ரெடிமேட் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் துணிக்கட்டு அடுக்குகிற அறை. ஒரு கட்டு தலைக்கு, இரண்டு கட்டு உடம்புக்கு. மேலே ஃபேன்.

"ஏலே மாப்ள, இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு?" என்பார் அபுபக்கர்.

"ஓய்வுநாள்."

"அதான் வந்து செயல்ல காட்டுதியோ? தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஒன்ன உப்புக்கண்டம் போட்ரும்."

"அவளுக்கு எப்படித் தெரியும் பாய்? நீ ஷட்டரச் செத்த எறக்கி விடு. வெளிச்சம் கண்ணக் கூசுது."

நாலரைக்கு எழுந்து முகம் கழுவி, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். படித்துக் களைத்த முகத்தோடு வீட்டுக்குள் வருவார். சாராள் பால்கோவாவை வாங்கிக்கொண்டு, "ரொம்பக் கஷ்டமான பாடமோ?" என்பாள். "சும்மாவா? பட்டப்படிப்புல்லா," என்று பெருமூச்சு விடுவார்.

முதல் மாதமே தபாலில் ஒரு பெரிய கட்டு வந்தது. அவர் யூனிட்டில் இருந்தார். சாராள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பன்னிரண்டு புத்தகம், அவற்றுக்கு மேலே மெலிசாக ஒரு மஞ்சள் அட்டைக் கையேடு.

"புஸ்தகம் வந்திருக்கு. பாக்கலயா?"

"அலமாரில வையி. பொறவு பாத்துக்கிடுதேன்."

பிறகு என்பது மூன்று வருடமாகியும் வரவில்லை. வகுப்பில் காதில் விழுந்ததை வைத்தே பரீட்சைகளில் முட்டி மோதிக் கரையேறினார். ஆனால் சாயங்காலங்களில் சாராள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். நம் படிப்பின் மேல் இவளுக்கு எவ்வளவு மரியாதை என்று பாண்டிதுரைக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

மூன்றாம் வருடம், ஜனவரியில், சாராளுடைய அண்ணன் மகளுக்கு மே மாதம் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. சிவகாசியில் அடித்த அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. பாண்டிதுரை முதலில் தேடியது, எல்லாரும் முதலில் தேடுவதைத்தான். தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்குவோர் பட்டியலில் நான்காவது வரி: எபனேசர் பாண்டிதுரை, பி.டி.எச்.

பெயருக்குப் பின்னால் எழுத்து வந்து அவர் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு சகலை எம்.காம். இன்னொரு சகலை பி.இ. போன கல்யாணம் வரைக்கும் இவர் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. கார்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பட்டம் ஏப்ரல்லதான தருவாவ? இப்பமே யாரு போடச் சொன்னது?"

"நாந்தான். எப்படியும் வாங்கிருவீங்கல்லா," என்றாள் சாராள்.

"எத்தன கார்டு?"

"எண்ணூறு. எல்லாச் சொந்தத்துக்கும் குடுத்தாச்சு. உங்க யூனிட்டுக்கும் முப்பது."

அன்றைக்கு அவளை விடப் பெரிய பெண்மணி உலகத்திலேயே இல்லை என்று பாண்டிதுரைக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் முதல்வர் தேவஇரக்கம் ஐயா தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கையேட்டுல முப்பத்தோராம் பக்கம் போட்டிருக்கு. செயல்முறை ஊழியம் நாற்பது மணி நேரம். மார்ச் கடைசிக்குள்ள பதிவேடு வரணும். வரலன்னா பட்டம் கிடையாது."

பாண்டிதுரைக்கு ஞாபகம் இல்லை. படித்திருந்தால்தானே ஞாபகம் இருப்பதற்கு. கை தூக்கினார்.

"பதிவேட்டுல யாரு கையெழுத்துப் போடணும் ஐயா?"

"அவங்கவங்க சபையில பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர். அவிய குடுக்குற வேலையச் செய்யணும். அவிய திருப்தின்னு எழுதணும்."

அன்று துணிக்கட்டு மேல் படுத்தும் பாண்டிதுரைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். கட்டின பெண்டாட்டிதானே. ஒரே மூச்சில் நாற்பது கையெழுத்து வாங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்தார். பால்கோவாவை நீட்டினார். அன்றைக்கு அரைக் கிலோ.

"சாரா, ஒரு சின்னக் கையெழுத்து."

"செயல்முறையா?" என்றாள். அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தாள். ஏற்கெனவே அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கோடு கிழித்து வைத்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா.

"சனிக்கிழம வச்சுக்கிடலாம். ஒரு மணிக்குக் கிளாஸ் விட்டுரும். ஒண்ணரை பஸ்ஸப் பிடிச்சா ரெண்டு மணிக்கு வீடு. ரெண்டுலருந்து ஆறு. வாரம் நாலு மணி நேரம். பத்து வாரத்துல நாப்பது, கணக்குச் சரியா வந்துரும்."

பாண்டிதுரை சட்டைப் பித்தானைத் திருகினார். "ஒரு மணியா?"

"கையேட்டுல ரெண்டாம் பக்கமே போட்டிருக்கே. நீங்க பாக்கலயா?"

மூன்று வருடப் பால்கோவாவும் வீண் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் தொட்டிக்குள் இருந்தார். பதிவேட்டில் சாராள் எழுதினாள்: தாகமுள்ளோருக்குத் தண்ணீர், நான்கு மணி நேரம். அதற்கடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றது பசித்தோருக்கு ஆகாரம் ஆயிற்று. மகாராஜபுரத்திலிருந்து மாமியாரை முட்டுவலி டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தது நோயாளிச் சந்திப்பு. ஏழு சேலைக்கு இஸ்திரி போட்டபோது மட்டும் பாண்டிதுரை பொறுமையிழந்தார்.

"இது என்ன ஊழியம்டி?"

"வஸ்திரம் இல்லாதோருக்கு வஸ்திரம்."

"அதான் பீரோ நெறைய இருக்கே."

"இஸ்திரி போடாத சேலைய எப்படிங்க கட்டுறது? ஓரத்த நல்லா இழுத்துத் தேயிங்க. இதுக்கு மார்க்கு உண்டு."

யூனிட்டில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர் சும்மா இருப்பாரா? தேவஇரக்கம் ஐயாவைத் தனியாகப் பிடித்தார்.

"ஐயா, வீட்டுக்காரியே கையெழுத்துப் போட்டா நாளைக்கு நாலு பேரு பாரபட்சம்னு பேசுவாங்க. வேற யாரையாவது..."

"சாராள் டீச்சரா? அவிய பாரபட்சம் பாக்க மாட்டாவ," என்றார் ஐயா உருக்கமாக. "இந்த மூணு வருசத்துல கையேட்ட முழுசாப் படிச்சிட்டு எனக்குப் போன் பண்ணிச் சந்தேகம் கேட்டது அவிய ஒரு ஆளுதான். மொத மாசமே கேட்டாவ, செயல்முறைய வீட்டுலயே தொடங்கலாமான்னு. வீட்டுல ஆரம்பிக்காத ஊழியம் ஊழியமே இல்லன்னு சொன்னேன்."

படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். எண்ணூறு கார்டும் கண் முன்னால் வந்து நின்றன. எம்.காம். சகலை சிரிக்கிற சிரிப்பு காதில் கேட்டது. பேசாமல் ஒன்றரை பஸ்ஸைப் பிடித்தார். அபுபக்கர் கடை வாசலில் நின்று, "மாப்ள, ஒன் தலகாணிய எடுத்து வித்துரவா?" என்று கத்தினார். பஸ் நகர்ந்துவிட்டது.

கடைசி வாரம், மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்டுவிட்டார்.

"மொதல்லயே தெரியும்னா அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா?"

சாராள் மிளகாயைப் பரப்பிக்கொண்டே சொன்னாள்: "நீங்க படிக்கணும்னு எனக்கும் ஆசதான். உங்க பேருக்குப் பின்னால நாலு எழுத்து வந்தா எனக்குந்தான பெரும. ஆனா பள்ளிக்கூடம் விட்டா எனக்கும் வாரத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமதாங்க. மூணு வருசமா அத நான் ஒத்தையில தூக்குனேன்."

பாண்டிதுரைக்கு முகம் தொங்கிப்போனது. இந்தக் கணக்கு அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. மீதி மிளகாயை அவரே பரப்பினார், அவளைப் போய் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினாள்: முன்னேற்றம் உண்டு.

ஏப்ரலில் பட்டம் வாங்கினார். கறுப்பு அங்கி, தொப்பி, போட்டோ. மே மாதம் கல்யாண மண்டபத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பந்தியில் பி.இ. சகலை, "அடுத்து என்ன சகல?" என்று கேட்டார். எதிரே எம்.காம். சகலை ரசத்தைக் குடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "எம்.டி.எச். பண்ணலாம்னு ஒரு எண்ணம்," என்று பாண்டிதுரை வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த சாராள் இவர் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

வெட்கம் எல்லாம் மனிதனுக்கு எவ்வளவு நாள் நிற்கும்? கல்யாண வேலைகள் எல்லாம் ஓய்ந்த அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு விழித்ததும், இனி வகுப்பு இல்லையே என்று பாண்டிதுரைக்குப் பகீரென்றது. வகுப்பு இல்லை என்றால் காலையும் போயிற்று. மாடிப்படியில் வாளிச் சத்தம் கேட்டது. பந்தியில் சொன்ன வார்த்தை அப்போதுதான் தேவவாக்காகத் தெரிந்தது. அவசரமாக எழுந்து போனார்.

"சாரா, எனக்கு இன்னொரு அழைப்பு வந்திருக்கு."

"தெரியும்," என்றாள் சாராள். ஃபிரிஜ் மேலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். அவள் தம்பியின் புதுமனை புகுவிழா, ஆகஸ்ட் மாதம். பாண்டிதுரை பெயருக்குப் பின்னால் பி.டி.எச். இருந்தது. அதற்குப் பின்னால், படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் போடுகிற மாதிரி அடைப்புக்குறிக்குள், எம்.டி.எச். இருந்தது.

"கல்யாணத்துக்கு மறுநாளே ஃபாரம் கட்டியாச்சு. கையேடும் வந்துட்டு. இந்தத் தடவ கிளாஸ் கிடையாதாம், பாடம் முழுக்கத் தபால்லயே வந்துருமாம். செயல்முறை மட்டும் நூத்தியிருவது மணி நேரம்."

பாண்டிதுரை கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன அடிச்சிருக்கு?"

"ஆயிரத்தி எரநூறு. வாளி மேல இருக்கு, மொத மணி நேரம் ஆரம்பிச்சுட்டு."