வேன் வாடகையும் டீச்சர் சம்பளமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் அக்காவின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம், உங்கள் மருமகள் சுகம். எனக்குத்தான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். பெரியவர் என்ற மரியாதையை இந்தப் பத்தியோடு முடித்துக்கொள்கிறேன். மேற்கொண்டு வருவதை உட்கார்ந்து படிக்கவும்.

என் மகள் பள்ளிப் படிப்பை முடித்தபோது எங்கள் வீட்டு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "டீச்சர் படிப்புக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கடன் வாங்கலாம் மாப்பிள்ளை. வேலைக்குப் போன கையோட அடைச்சுடலாம்." தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்ற மனிதர் சொல்கிறாரே என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பட்டம் வாங்கிய காலத்தில் வேலை வாசலில் வந்து நின்றது. இப்போது வங்கிக்காரர்கள்தான் வந்து நிற்கிறார்கள். நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படிப்பதற்கு வாங்குகிற ஓய்வூதியத்தில் பாதிகூட, நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு வருகிற அவளுக்கு இல்லை. அந்தப் பாதியிலும் பெரும்பாதி வங்கிக்குப் போகிறது. மாதம் பிறந்தால் வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். என் உடன்பிறந்தவர்கள்கூட என்னை இவ்வளவு விசாரித்ததில்லை.

நான் வேன் வாடகைக்கு விடுபவன். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: வாங்கின வண்டி எப்போது போட்ட முதலை எடுக்கும்? படிப்புக் கடனும் வேன் கடனும் ஒரே வங்கியில், ஒரே மேசையில் வாங்கியவை. வேன் வந்த மறுநாளே சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டது. படிப்போ, முடிகிற வரை செலவு; முடிகிற நேரத்தில் பயிற்சி என்று ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு, அட்டையும் கலர்த்தாளும்கூட இவள் கைக்காசில் வாங்கி வரச் சொன்னார்கள். வேனை விற்றால் பாதி விலையாவது தேறும். பட்டத்தை எவனிடம் கொண்டுபோய் விற்பது? இதைச் சொன்னால் உங்கள் தங்கை, "பெத்த பொண்ணையும் வண்டியையும் ஒண்ணா வச்சுப் பேசுறீங்களே, எங்கண்ணன் என்ன கெடுதலா சொன்னாரு?" என்று மூக்கைச் சிந்துகிறாள்.

இன்னும் கேளுங்கள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் என் வேனும் பிள்ளைகளை ஏற்றிப் போகிறது. அதை ஓட்டுகிறவனுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். கையை ஹாரனிலிருந்து எடுக்கமாட்டான். என்னிடம் அவன் வாங்குகிற சம்பளம் என் மகள் சம்பளத்தைவிட அதிகம். போன வாரம் என்னிடம் வந்து, "முதலாளி, டீச்சரம்மா டீக்கடையில பர்ஸைத் தொறந்து பாத்துட்டு அப்படியே மூடுனாங்க. நானே காசு குடுத்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க" என்றான். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஹாரன் தங்கமான பையன். அவன் மேலும் கோபம் வந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு செல்போன் கடையில் அவளுக்கு வேலை தருகிறேன் என்றார்கள். இப்போது வாங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்கிறாள். "என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இப்பத்தான்ப்பா எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கா. பாதியில விட்டுட்டு வரமுடியாது" என்றாள். "அந்தப் பொண்ணு படிச்சு என்ன ஆகப்போறா? உன்னை மாதிரி டீச்சராகி, அவ அப்பனும் என்னை மாதிரி அல்லாடவா?" என்று கத்தினேன். அவள் நோட்டு திருத்தப் போய்விட்டாள். கத்தினதற்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஆத்திரத்தோடு நேரே பள்ளிக்கூடத் தாளாளரிடம் போனேன். "டிரைவரைவிட டீச்சருக்குச் சம்பளம் கம்மி. உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "டிரைவருக்குச் சம்பளம் குடுக்குறது நீங்கதானே?" என்றார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "டீசல் ஏறிடுச்சுன்னு வந்து வேன் வாடகையை ஏத்தச் சொன்னீங்க. ஃபீஸை ஏத்தினா பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. டீச்சருங்களுக்கு ஏத்தறதுக்கு வச்சிருந்த காசைத்தான் எடுத்து உங்களுக்குக் குடுத்தேன். அவங்க கேக்கமாட்டாங்க சார். நீங்க மேசையைத் தட்டிக் கேட்டீங்க" என்றார். நான் தட்டியது உண்மை. வாடகை ஏறியதும் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்ததும் உண்மை. மகள்தான் முதலில் எடுத்துச் சாப்பிட்டாள்.

ஆகவே, மச்சான், எனக்கு உங்கள்மேல் கோபம், வங்கிமேல் கோபம், அந்தத் தாளாளர்மேல் கோபம், கேட்கவே தெரியாத டீச்சர்கள்மேல் எல்லோரையும்விடக் கோபம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வரவேண்டும். எந்த வாயால் அவளைப் படி என்று சொன்னீர்களோ அதே வாயால், அதே நாற்காலியில் உட்கார்ந்து, வேலையை விடு என்று சொல்லவேண்டும். மாமா சொன்னால் கேட்பாள். வரும்போது வாங்கி வருகிறேன், செய்து வருகிறேன் என்று எதுவும் வேண்டாம். உங்கள் காசு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்களில் யாருக்காவது ஆசிரியராகும் ஆசை இருந்தால் முளையிலேயே கிள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்ட தங்கை கணவன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். வேலையை விடச் சொல்லி அவளிடம் எதுவும் பேசவேண்டாம். நேற்று மறுபடி தாளாளரிடம் போய், வாடகையைப் பழையபடியே வாங்கிக்கொள்கிறேன், மிச்சத்தை என் மகள் சம்பளத்தில் சேருங்கள், நான் சொன்னதாக அவளுக்குத் தெரியவேண்டாம் என்றேன். "ஒருத்தருக்கு மட்டும் ஏத்தினா மத்தவங்க விடுவாங்களா?" என்று அந்த மனிதர் எல்லா டீச்சர்களுக்கும் பங்கு போட்டுவிட்டார். இவள் பங்குக்கு வந்தது ஒரு ஜோடி செருப்புக்குக் காணாது. எனக்கு இந்த மாதமே வேன் தவணை இடிக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது உங்கள் ஓய்வூதியத்திலிருந்து கொஞ்சம் கடனாகக் கொண்டுவாருங்கள். உங்கள் தங்கைக்குத் தெரியாமல் கொடுங்கள். மகளுக்குத் தெரியவே கூடாது. இன்று சாயங்காலம் அவள் வாசலிலிருந்தே, "அப்பா, சம்பளம் ஏத்திட்டாங்க! யாரும் கேக்கவே இல்லப்பா, எங்க வேலையைப் பாத்து அவங்களாவே ஏத்தினாங்களாம். செல்போன் கடைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்" என்று கத்திக்கொண்டே வந்தாள். "பின்னே, நல்லா வேலை பாக்குறவங்களுக்கு ஏத்தாம இருப்பாங்களா?" என்றேன். அந்தத் தாளாளரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான் மச்சான். இன்னும் வாய் எரிகிறது.