பனியில் புதைத்த பாட்டில்

எண்பத்து மூன்று நாளாக யசுமாசா ஒரு சொட்டு சாக்கே மது குடிக்கவில்லை. எண்பத்து நான்காம் நாள் குடித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார்.

ரத்தக் கொதிப்பு இருக்கிறது, குடிக்காதே என்று சொன்னவர் டாக்டர். அதை நடத்திக் காட்டியவள் மனைவி எட்சுகோ. டாக்டர் சொன்னது மூன்று மாதம். எட்சுகோ அதற்கு மேல் ஒரு விதி சேர்த்தாள். நடுவில் ஒரு வாய் குடித்தாலும் மூன்று மாதமும் முதலிலிருந்து தொடங்கும். யசுமாசா ஒரே ஒரு தடவை, சமையலுக்கு வைத்திருந்த அரிசி மதுவை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுநாள் முதல் அந்த பாட்டில் பக்கத்து வீட்டில் குடியேறிவிட்டது. தேவைப்படும்போது எட்சுகோ கரண்டியோடு அங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டில் குடிக்க முடியாது. ஆகவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

"உன் இடுப்பு வலிக்கு ஊற்றுக் குளியல் நல்லதாம் எட்சுகோ. மலைப்பக்கம் ஒரு சின்ன விடுதி இருக்கு. ஆறே அறை. ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாமா?"

"எனக்கு இடுப்பு வலின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"நாலு வருஷமா வலிக்குது."

"அதான் சொல்றேன், இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது."

எட்சுகோ அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு துணிகளை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

திட்டம் ரொம்பச் சுத்தமானது. வெந்நீர் ஊற்றில் இறங்கி ஏறினால் யாருக்கும் முகம் சிவக்கும், கண் சொருகும், பேச்சு கொஞ்சம் குழையும். குடித்தாலும் அதேதான். ஆண்கள் குளத்துக்குள் எட்சுகோ வர முடியாது. குடித்துவிட்டு நேரே சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால், 'நல்லாக் குளிச்சிருக்கார்' என்றுதான் நினைப்பாள்.

பஸ் நிறுத்தத்துக் கடையில் எட்சுகோ ஊறுகாய் ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது, யசுமாசா ஒரு பாட்டில் வாங்கிக் கோட்டுக் கைக்குள் நுழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கையை அவரால் மடக்க முடியவில்லை. வாசலில் வரவேற்ற விடுதிக்காரி ஹத்சுயோ அம்மாளுக்கு ஒரு கையை விறைப்பாகத் தொங்கவிட்டபடியே குனிந்து வணக்கம் சொன்னார். அந்த அம்மாள் சாப்பாட்டு நேரம், குளியல் நேரம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். யசுமாசா காதில் ஒன்றும் ஏறவில்லை. பாட்டில் முழங்கையிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

அறைக்குப் போனதும் குளியல் அங்கிக்கு மாறினார். துண்டில் பாட்டிலைச் சுருட்டினார்.

"டீ கூடக் குடிக்காம எங்க ஓடறீங்க?"

"ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

இடது பக்கம் நீலத் திரை, ஆண்களுக்கு. வலது பக்கம் சிவப்புத் திரை, பெண்களுக்கு. நீலத் திரையை விலக்கி உள்ளே போனார். திறந்தவெளியில் பாறைக் குளம். கரையெல்லாம் முழங்கால் உயரப் பனி. ஓரமாக ஒரு கல்விளக்கு.

அப்போதே குடித்திருக்கலாம். ஆனால் கோட்டுக் கைக்குள் கிடந்து பாட்டில் உடம்புச் சூட்டுக்கு வந்திருந்தது. எண்பத்து மூன்று நாள் காத்தவர் இன்னும் இரண்டு மணி நேரம் காக்க மாட்டாரா? கல்விளக்குக்குப் பின்னால், பனியில் கழுத்து வரை பாட்டிலைப் புதைத்தார். ஒரு முழுக்குப் போட்டார். அறைக்கு வந்து நல்ல பிள்ளையாக டீ குடித்தார்.

ஐந்தேகால் மணிக்கு எட்சுகோ பெண்கள் பக்கம் போனாள். அவளுக்குப் பின்னாலேயே யசுமாசாவும் கிளம்பினார். நீலத் திரை கண்ணில் பட்டது, நுழைந்தார், உடுப்பைக் கழற்றினார், கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

பாறைக் குளத்தைக் காணோம். கல்விளக்கைக் காணோம். நாலு பக்கமும் மரச்சுவர், நடுவில் ஒரு மரத்தொட்டி, மேலே மட்டும் ஒரு துண்டு வானம்.

தொட்டிக்குள் உட்கார்ந்து யோசித்தபோதுதான், ஹத்சுயோ அம்மாள் சொன்னதில் ஒரு வரி எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. "அஞ்சு மணிக்குத் திரையை மாத்திடுவோம் ஐயா. எல்லாரும் ரெண்டு குளத்தையும் அனுபவிக்கணும் இல்லையா?"

அந்தச் சமயம் பார்த்து மரச்சுவருக்கு அப்பாலிருந்து எட்சுகோவின் குரல் வந்தது.

"அடடே! இங்க வந்து பாருங்க, பனியில ஒரு பாட்டில் முளைச்சிருக்கு!"

"விடுதி உபசாரமா இருக்கும்," என்றது இன்னொரு பெண் குரல்.

"கிண்ணம் வைக்கலையே?" என்றாள் வேறொருத்தி.

"மரச்சொம்பு இருக்கே, அது போதாதா?"

யசுமாசாவால் பொறுக்க முடியவில்லை.

"எட்சுகோ!"

"என்னங்க, அங்கதான் இருக்கீங்களா? தண்ணி சூடு போதுமா?"

"அதைத் தொடாதே! யாரோடதோ என்னவோ!"

"எதை?"

"அதான்... எதையா இருந்தாலும். பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா நானும் ஒண்ணு சொல்றேன். உங்க பக்கமும் ஒண்ணு இருந்தாலும் இருக்கும். நீங்க தொட்டுடாதீங்க."

மூடி திறக்கும் சத்தம். பிறகு களகளவென்று ஊற்றும் சத்தம். பிறகு நாலு பெண்கள் ஒன்றாகப் பெருமூச்சு விடும் சத்தம்.

"முதல் தரமான சரக்கு!" என்றாள் எட்சுகோ. "தேர்ந்தெடுத்தவங்க நல்ல ரசிகர்தான்."

யசுமாசாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் தண்ணீருக்குள் மூக்கு வரை இறங்கிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எட்சுகோவின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நல்லாக் குளித்திருந்தாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹத்சுயோ அம்மாளிடம் கையைக் குவித்தாள்.

"குளத்துல சாக்கே வெச்சிருந்தீங்களே, என்ன ருசி!"

"சாக்கேயா? நாங்க எதுவும் வைக்கலையே அம்மா."

யசுமாசாவின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து மீன் துண்டு நழுவிச் சூப்பில் விழுந்தது.

"அப்போ யாரோ ஒரு விருந்தாளியோடதா? ஐயையோ, திருடிக் குடிச்ச மாதிரி ஆயிடுச்சே! யாருன்னு எல்லா அறையிலயும் கேட்டுப் பார்த்துடுங்களேன்."

"கேக்க வேண்டாம்!" என்றார் யசுமாசா. இருவரும் திரும்பினார்கள். "பாவம், அந்த ஆளுக்கு என்ன சங்கடமோ. எதுக்கு அம்பலப்படுத்தணும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் எட்சுகோ. "அப்போ அதே இடத்துல ஒரு பாட்டிலை வெச்சு, மன்னிப்புக் கடிதமும் வெச்சுடுவோம். காலையில அது மறுபடி ஆம்பளைங்க பக்கம்தானே?"

"ஆமாம்மா, ஆறு மணிக்கு மாத்திடுவோம்."

யசுமாசாவுக்கு அந்த ஆறு மணி தேனாக இனித்தது.

"கடிதம் நீங்களே எழுதுங்க," என்றாள் எட்சுகோ. "உங்களை விட்டா யாரு?"

உண்மைதான். சோறு பொங்கும் குக்கர் கம்பெனியில் இருபத்தாறு வருஷம், புகார் செய்த வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் காலம் தள்ளியவர் அவர். ஆனால் அன்று எழுதியதைப் போல ஒரு நாளும் எழுதியதில்லை. 'தங்களது பொறுமையும், குளிர்வித்துப் பருகும் நுண்ணிய ரசனையும், அவற்றுக்கு எங்கள் அறியாமையால் நேர்ந்த பேரிழப்பும்' என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. முடித்ததும் அவரே ஒரு தடவை ரசித்துப் படித்தார்.

எட்சுகோ படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"மனசை உருக்குதுங்க. அவரு மன்னிச்சிடுவாரா?"

"மன்னிச்சிடுவாரு எட்சுகோ. எனக்கு நம்பிக்கை இருக்கு."

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளே போய் வைத்துவிட்டு வந்தாள்.

காலை ஆறு மணிக்கு நீலத் திரை தொங்கவிடப்பட்டது. ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு யசுமாசா உள்ளே இருந்தார். பாறைக் குளத்தில் வேறு யாருமில்லை. கல்விளக்குக்குப் பின்னால், பனியில் கழுத்து வரை, அதே பெயர் ஒட்டிய பாட்டில். கழுத்தில் கடிதம் கட்டியிருந்தது.

அவசரப்படவில்லை. கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்தார். மலையைப் பார்த்தார். இந்த உலகத்தை மன்னித்தார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூன்று மிடறு ஒரேயடியாக உள்ளே இறக்கினார்.

அழுகின முட்டை வாடை. துருப்பிடித்த ஆணி ருசி. நாக்கில் உப்பு. இருமி இருமிக் குளத்தையே கலக்கிவிட்டார்.

கண்ணீர் நின்ற பிறகு கடிதத்தைப் பிரித்தார். அவருடைய அழகான கையெழுத்து இரண்டு பக்கம் முடிந்ததும், கீழே எட்சுகோவின் குண்டு எழுத்து இருந்தது.

'ஒரு சொட்டுகூடக் குடிக்காம சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க, வாழ்த்துகள். இது இந்த ஊற்றுத் தண்ணி, ரத்தக் கொதிப்புக்கு நல்லதுன்னு ஹத்சுயோ அம்மா பிடிச்சுக் குடுத்தாங்க, மிச்சம் வைக்காதீங்க. இன்னொரு விஷயம், அடுத்த தடவை புதைக்கும்போது ரெண்டா வாங்கிப் புதைங்க. நாலு பேருக்கு ஒண்ணு பத்தலை.'