பிரமிக்கு வெந்நீர்

கவனிப்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை தெருவுக்கு இருவராவது அகப்படுவார்கள். அசந்து தூங்கும் நோயாளியை உலுக்கி எழுப்பி, “உறக்கம் வந்துதா?” என்று விசாரிப்பவர்கள். நோயாளி பிழைத்தால் இவர்களால், போனால் விதியால்.

உதியன்குளங்கரை கனகதாஸ் இந்த இனத்தின் நல்ல மாதிரி. அமரவிளையில் வயலோரச் சகதியில் காடாய்ப் படர்ந்து கிடந்த நீர்ப்பிரமியைப் பார்த்து, அதன் வெளிர்நீலப் பூவில் மயங்கி, நாலு கொடி பறித்து வந்து வீட்டுக் குளக்கரையில் நட்டார். யாரும் திரும்பிப் பார்க்காமலே வருடக்கணக்கில் பூத்த செடி. அப்படியே விட்டால் போதாதா? போதாது. கவனிக்க வேண்டுமே!

முதல் வேலையாக, குளத்து நீர் செடியைத் தொடாதபடி மண்ணால் வரப்புக் கட்டினார். பிறகு பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய சிவப்பு வெந்நீரை, வீட்டில் எல்லோரும் குடிக்கும் அதே வெந்நீரை, காலையும் மாலையும் ஒரு தம்ளர் ஊற்றினார். வெயிலுக்கு ஒரு குடை. மழைக்கு அதைவிடப் பெரிய குடை. வேர் பிடித்ததா என்று வாரம் மூன்று முறை பிடுங்கிப் பார்த்து, மறுபடி நட்டார்.

“குளத்துக்க கரையில நிக்குத செடிக்கு எதுக்கு வெந்நி?” என்று கேட்டாள் மனைவி கிருபாபாய்.

“பச்ச வெள்ளம் குடிச்சா தீனம் வரும் பிள்ளே. நீ குடிப்பியா?”

“நான் சகதியில முளைக்கல்லியே! இஞ்ச பாருங்க, ஓணத்துக்குள்ள ஒரு பூ காணல்லேண்ணா பிடுங்கி எறிஞ்சிட்டு சேம்பு வைப்பேன். சொல்லியாச்சு.”

கனகதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பிரமி மஞ்சளித்துச் சுருண்டது. வெந்நீரை மூன்று வேளையாக்கினார். இன்னும் சுருண்டது.

ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது காரக்கோணத்தில் மகள் ரெஜிலாவுக்குக் கால் சுளுக்கியது. கவனிக்க ஆள் வேண்டாமா? போனார். மூன்று வாரம் பொறுத்த ரெஜிலா, சுளுக்கு ஆறும் முன்பே நொண்டிக்கொண்டு வந்து அவரை பஸ் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் நேரே குளக்கரைக்கு ஓடினார். கரை முழுக்கப் பச்சை. பச்சைக்கு மேலே பதினோரு பூ!

“வெந்நி ஒழுங்கா ஊத்தினியா?”

“நிங்க போன அன்னைக்கே மழையில வரப்பு இடிஞ்சுது, குடை காத்தில போச்சு. நான் அந்தப் பக்கமே போவல்ல.”

கனகதாஸின் கண் நிறைந்துவிட்டது. “கண்டியா? நான் முன்ன ஊத்துன வெந்நிக்க பலனாக்கும் இது! மெல்லத்தான் பிடிக்கும்.”

சொன்னவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்புக் கட்டப் புறப்பட்டார். கிருபாபாய் அவசரமாக போனை எடுத்தாள்.

“மக்கா ரெஜிலா, உனக்க மத்த காலு எப்பிடி இருக்கு?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் வெளியூர் கிளம்பும்போது, உங்கள் வீட்டார் கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை உங்களுக்கு முன்னால் ஓடுகிறார்களா என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.