ஐஸ் அக்கா வென்ற முதல் ஆட்டம்

ஐஸ் அக்காவைப் போல ஐஸ் ஹொக்கி தெரிந்தவர் இந்து சமுத்திரத்தின் எந்தக் கரையிலும் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அவர் வாயாலேயே இதைக் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். மன்னாரில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கொட்டுவது, அல்லது பள்ளிக்கூட வாசலில் குச்சியில் விற்பது. அப்படிப்பட்ட ஊரில் ஐஸ் ஹொக்கி பழக்குவது பாலைவனத்தில் தோணி ஓட்டப் பழக்குவது போன்றது. ஒட்டகம் இரண்டு கிடைத்திருந்தால் அக்கா அதையும் செய்திருப்பார்.

நான் இங்கே ஒரு தொழிற்கல்லூரியில் இலிகிதர். அக்கா முதன்முதலாக எங்கள் கந்தோருக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு. கதவைத் தட்டவில்லை.

"கிளாக்கர், உங்கடை கொலிஜிலை பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஹொக்கி ரீம் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"நல்லது. இருந்திருந்தால் பழுதாக்கி வைச்சிருப்பீங்கள்."

ஒரு படிவத்தை எடுத்து, தகைமை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். படிவம் போதாமல் பின்பக்கமும் எழுதவேண்டி வந்தது.

பேசாலையில் கரைவலை இழுத்த ஒருவரின் மூத்த மகள். பதினேழு வயதில் தோணியேறி இராமேஸ்வரம், அங்கே சில வருடம் அகதி முகாம், பிறகு கனடா. கனடாவில் ஒரு கல்லூரியின் பனி விளையாட்டரங்கில் கதிரைகளுக்கு அடியில் கூட்டுகிற வேலை. அக்கா கூட்டிக்கொண்டே பெண்கள் அணியின் ஆட்டங்களைப் பார்த்தார். அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், கையில் தும்புத்தடியோடு பயிற்றுநரிடம் போய், "ரெண்டு பக்கத்தாலையும் இழுக்காமல் எல்லாரும் நடுவிலை நிண்டு கத்தினால் மீன் வருமே?" என்று கேட்டிருக்கிறார். பாதி ஆங்கிலம், பாதி தும்புத்தடி. பயிற்றுநர் சிரித்தார். அன்றும் தோற்றார். மறுநாள் அவரே அக்காவைத் தேடி வந்து, நேற்று மீனைப் பற்றி ஏதோ சொன்னாயே, அது என்ன என்று கேட்டார்.

அதன் பிறகு அக்கா தண்ணீர்ப் போத்தல் கொடுப்பவரானார். அடுத்து சறுக்குச் சப்பாத்துக்குக் கூர் தீட்டுபவர், உதவிப் பயிற்றுநர், கடைசியில் தலைமைப் பயிற்றுநர். இடையில், இருபத்தொன்பதாவது வயதில், ஒரு கதிரையைத் தள்ளிக்கொண்டு பனியில் நடக்கப் பழகினார். எத்தனை கோப்பை வென்றீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணேல்லை. அலுமாரிக் கதவு மூடேல்லை, அவ்வளவுதான் தெரியும்."

ஓய்வு பெற்றதும் உப்புக்குளத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தனியே இருக்கவேண்டாம், திரும்பி வாருங்கள் என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தான். அக்கா கந்தோர் விறாந்தையில் நின்று பதில் சொல்லுவார். பனி அரங்கில் பழகிய குரல். தொலைபேசி இல்லாவிட்டாலும் ரொறன்ரோவுக்குக் கேட்டிருக்கும்.

"ஒரு வருசம் தா, மோனே. ஒரு மட்ச், ஒரேயொரு மட்ச் வெண்டாலும் நான் இஞ்சைதான். வெல்லாட்டி நீ சொல்லுற பிளேனிலை ஏறுறன். மாதாவாணை."

மாதாவின் பெயரைச் சொன்ன பிறகு பேச்சில்லை. கல்லூரி முழுவதும் கேட்டது. எனவே கல்லூரி முழுவதும் சாட்சி.

ஐஸ் இல்லாததை அக்கா ஒரு குறையாகவே எடுக்கவில்லை. "ஐஸ் உருகிப்போச்சு எண்டு நினைச்சு விளையாடுங்கோ" என்றார் பிள்ளைகளிடம். அப்படியே சாதாரண ஹொக்கி மட்டையும் பந்துமாக, காய்ந்த புல்லில் பயிற்சி தொடங்கியது. ஆனால் அக்கா ஐஸ் ஹொக்கியின் வழக்கங்களில் ஒன்றையும் கைவிடவில்லை.

முதல் வழக்கம் தண்டனைக் கதிரை. பிழை விட்டவர் மைதான ஓரத்தில் போட்ட கதிரையில் இரண்டு நிமிடம் வெயிலில் இருக்கவேண்டும். இரண்டாம் நாளே எங்கள் பணிப்பாளர் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்தார். அக்கா விசில் ஊதினார்.

"சேர், ரெண்டு நிமிசம்."

"அக்கா, நான் இந்தக் கொலிஜின்ரை பணிப்பாளர்."

"அப்ப ரெண்டரை."

பணிப்பாளர் கதிரையில் இருந்தார். அந்த இரண்டரை நிமிடமும் அவரை யாரும் ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை. அமைச்சிலிருந்து ஆட்கள் வருகிற நாட்களில் அவர் வேண்டுமென்றே மைதானத்தைக் குறுக்கே கடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது கழுதைகள். மன்னாரில் கழுதைகளுக்கு எல்லா இடமும் சொந்தம். பின்னேரம் நாலு மணிக்கு ஐந்தாறு கழுதைகள் கோலுக்கு முன்னால் வந்து நிற்கும். காவலாளி தடியோடு ஓடினார். அக்கா மறித்துவிட்டார்.

"விடுங்கோ, நிக்கட்டும். கனடாவிலையும் எனக்கு இப்பிடி ரெண்டு பேர் இருந்தவை. இவை எவ்வளவோ கெட்டித்தனம்."

பிள்ளைகள் கழுதைகளைச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோகப் பழகினார்கள். ஒரு கழுதை என்னுடைய ஆட்டக்காரர் பட்டியலைத் தின்றது. என்னிடம் பிரதி இருந்தது.

மூன்றாவது வழக்கத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். ஐஸ் ஹொக்கியில் ஒரு வரிசை ஆட்டக்காரர் கொஞ்ச நேரம் மூச்சுப்பிடித்து ஓடிவிட்டு வெளியே பாய்வார்கள். அடுத்த வரிசை உள்ளே பாயும். புல்லில் ஆடுகிற ஹொக்கியிலும் சட்டம் இதை மறிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எவரும் இப்படிச் செய்ததில்லை. தொண்ணூறு வினாடிக்கு ஒருதரம் முன்வரிசை முழுவதும் மாறவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. மணி அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"கிளாக்கர், நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினை மணிக்கு எழும்புவீங்கள்?"

"பன்னிரண்டு பதினைஞ்சுக்கு."

"ஒரு நாளும் பதினாறு ஆகேல்லையோ?"

"இல்லை."

"இந்தாங்கோ மணி."

பேசாலை யூலியா அணித்தலைவி. முன்வரிசை அவளுடையது. மறிச்சுக்கட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கித் தையல் படித்த நஸ்ரின் கோல்காப்பாளர். நான் மணியை ஆட்டியதும் யூலியாவின் வரிசை மைதான ஓரத்து வாங்கைத் தாண்டி வெளியே விழும். மற்ற வரிசை அதற்கு மேலால் உள்ளே பாயும். முதல் மாதம் அவர்கள் ஒருவரோடொருவர் மோதியதுதான் அதிகம். யூலியாவின் தகப்பன் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தார். அவரும் கரைவலைக்காரர். இரண்டு பக்கமும் பிள்ளைகள் வளைந்து வர, பந்து நடுவில் ஒடுங்கியதைக் கண்டதும் சத்தம் போட்டார்.

"உது எங்கடை வலையெல்லோ! இதைப் படிக்கவே கனடாவுக்குப் போனனீங்கள்?"

"படிக்கப் போகேல்லை, படிப்பிக்கப் போனனான்" என்றார் அக்கா. "பாத்துக்கொண்டு நிக்காமல் சொல்லுங்கோ, வலையின்ரை நடு மடி பிந்துதோ?"

"மடி சரி. இடப்பக்கக் கயிறு தளருது."

அன்றிலிருந்து அணிக்கு ஓர் உதவிப் பயிற்றுநரும் கிடைத்தார்.

ஆட்ட நாட்களில் அக்கா முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கறுப்புக் கம்பளிக் கோட் போடுவார். மன்னார் வெயிலில். கோட் இல்லாமல் நின்றால் மூளை வேலை செய்யாதாம். ஆட்டம் முடியக் கோட்டைக் கழற்றிப் பிழிவார்.

இவ்வளவும் இருந்தும் நாங்கள் தோற்றோம். வவுனியாவில் ஏழுக்கு ஒன்றுமில்லை. அடுத்தது ஐந்துக்கு ஒன்று. அதற்கடுத்தது மூன்றுக்கு இரண்டு. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பிள்ளைகள் அழுதது ஆட்டத்துக்காக அல்ல. "அக்கா போயிடுவாவோ, சேர்?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். அது என் வேலையில் சேராது என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு எழுத இருந்தால் ஒரு வரியும் ஓடாது.

வருடத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அணி. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசியது. யூலியாவின் தகப்பனோடு பேசாலையிலிருந்து ஒரு லொறி ஆட்கள் வந்தார்கள். பணிப்பாளர் தண்டனைக் கதிரையையே தனக்கு எடுத்துக்கொண்டார். பதினோராவது நிமிடம் யாழ்ப்பாணம் ஒரு கோல் போட்டது. நஸ்ரின் அதற்குப் பிறகு ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஒன்றைத் தலையாலும், ஒன்றை எதால் என்று அவளுக்கே தெரியாமலும் மறித்தாள்.

நான் தொண்ணூறு வினாடிக்கு ஒருதரம் மணி அடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மணி அடித்தால் எங்கள் முன்வரிசை வெளியே ஓடும், அந்த இடைவெளியில் மூச்சு வாங்கலாம் என்று பிடித்துவிட்டார்கள். கடைசியில், மணி அடிக்கச் சற்று முன்னமே மட்டையில் சாய்ந்து நிற்கவும் தொடங்கிவிட்டார்கள். என் மணியில் என்னைவிட அவர்களுக்கு நம்பிக்கை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தது. யூலியாவின் வரிசை உள்ளே. இடப்பக்கத்தால் இருவர், வலப்பக்கத்தால் இருவர், நடுவில் யூலியா. வலை வளைந்து வந்தது. "இழு, இழு, இழு!" என்று ஒரு லொறி ஆட்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். நான் பொது இடத்தில் கத்தியது அதுதான் முதல் தடவை. அதனால் தொண்ணூறாவது வினாடி போனது எனக்குத் தெரியவில்லை. நூறும் போனது. மணி என் கையில் சும்மா இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பின்காவல்காரிகள் இருவர் மட்டையில் சாய்ந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு நடுவால் பந்து போனது.

ஒன்றுக்கு ஒன்று. ஊர் பறந்தது. லொறி ஹோர்ன் அடித்தது. பணிப்பாளர் குடையை விரித்துச் சுழற்றினார். மிச்சமிருந்த ஒரு நிமிடமும் ஒன்றும் நடக்காமல் முடிந்தது. சமநிலை.

கொண்டாட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்தது. மாதாவின் பெயரில் சொன்ன சொல் வெல்வதைப் பற்றியது. சமநிலை வெற்றி இல்லை. பிள்ளைகள் புல்லில் இருந்துவிட்டார்கள். அக்கா கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

மாலை ஐந்து இருபது. ரொறன்ரோவில் காலை ஏழு ஐம்பது. அக்காவின் கைத்தொலைபேசி அடித்தது.

"ஓம் மோனே. முடிஞ்சுது. நான் சொல்லேல்லை. நான் சொன்னால் அம்மா கூட்டிச் சொல்லுறா எண்டுவாய். கிளாக்கரிட்டைக் கேள். அவர் எழுதுற மனிசன். ஒரு வினாடி பிசகாது."

அந்தக் கடைசி வசனத்தை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கையில் திணித்து, மறுபக்கம் திரும்பி, கீழே கிடக்காத மட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. வெண்டவையோ?"

இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பஸ் நாலு நிமிடம் பிந்தியதை ஐந்து என்று எழுதியதில்லை. நஸ்ரின் கையுறையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஓம் தம்பி. வெண்டிட்டினம்."

"மெய்யாவோ? எத்தினைக்கு எத்தினை?"

பொய்க்கு இரண்டாவது கேள்வி வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. பழக்கமில்லாத குறை. "ரெண்டுக்கு ஒண்டு."

"ரெண்டாவதை ஆர் அடிச்சது?"

எனக்கு நேரே நின்ற முகம் ஒன்றுதான். "நஸ்ரின்."

"நஸ்ரின் கோல்கீப்பர் எல்லோ அங்கிள்?"

"ஓம் தம்பி" என்றேன். "அதுதான் இஞ்சை எல்லாருக்கும் அதிசயம்."

நான் என் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு வினாடி. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் சிரிப்பேதான், கொஞ்சம் சின்னது. "சரி அங்கிள். அப்ப அவ அங்கையே நிக்கட்டும். நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

நான் தொலைபேசியை வைத்ததும் பிள்ளைகள் நஸ்ரினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள், அடிக்காத கோலுக்காக. அவளும் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டாள். யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் பஸ் யன்னலால் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் எங்கள் அணி உண்மையாகவே வென்றது. பிறகு வென்றுகொண்டே இருந்தது. இப்போது பணிப்பாளரின் அலுமாரியும் மூடுவதில்லை. அந்த உண்மையான முதல் வெற்றியன்று அக்கா முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், "இது எங்கடை ரெண்டாவது வெற்றி" என்று கூட்டத்தில் அறிவித்தார். நான் மட்டும் நிலத்தைப் பார்த்தேன்.

ஆனால் எனக்குப் பிடித்த நாள் அதுவல்ல. யாழ்ப்பாண ஆட்டத்துக்கு அடுத்த நாள்தான். காலை எட்டு நாற்பதுக்குக் கந்தோர்க் கதவு தட்டாமலே திறந்தது.

"கிளாக்கர்! தொண்ணூறு வினாடிக்கு அடிக்கவேண்டிய மணி. நூற்றிப்பத்தும் போட்டுது. கையிலை மணியை வைச்சுக்கொண்டு என்ன, வேடிக்கை பாத்தனீங்களோ? என்ரை பிள்ளையளின்ரை மூச்சு என்னாகிறது? கனடாவிலை எண்டால் உங்களை அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பன்!"

அவர் என்னைத் திட்டி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. எனக்கு அது போதவில்லை.