பங்காளியை நல்லவன் என்றவருக்கு எத்தனை மார்க்கு?

அடிபட்டு வந்தவர்களுக்குப் பரீட்சை வைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, பாஸா ஃபெயிலா என்று அறிவித்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் இருந்தது விழுப்புரத்தில். ஒரு லாரி கிளீனர் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், 'இதையே இன்னொரு தடவை செய்து பார்த்தால் என்ன?' என்ற யோசனை எனக்குப் பளிச்சென்று வந்தது.

அப்போது நான் கணக்கில் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தேன். (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.) அவர் அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். ஊரே அவரை 'மார்க்கு' என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம்.

மொத்தம் மூன்று பேப்பர். கண்ணுக்கு முப்பது: கூப்பிட்டதும் திறக்கிறதா, கிள்ளினால்தான் திறக்கிறதா? கைக்கு முப்பது: "என் மீசையப் புடிச்சி இஸுய்யா!" கண்ணில் நீர் வந்தால் முழு மார்க்கு. நீர் வர வேண்டியது மார்க்குவின் கண்ணில். வாய்க்கு நாற்பது. அதற்கு ஒரே கேள்விதான்.

"உன் பங்காளிங்கள்ல எவன்யா அயோக்கியன்?"

பெயர், கிணறு, வரப்பு, எந்த வருஷத்துத் தகராறு என்று வரிசையாக வந்தால் நாற்பது. வெறும் முனகலுக்குப் பத்து.

கூச்சலுக்கு மார்க்கே கிடையாது. மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உடைக்கிற மிஷினில் விரலை விட்டுக்கொண்டு வந்த ஒருவர் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினார். எண்பத்தெட்டு போட்டு, கட்டும் போட்டு, ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

"வலிக்குதுய்யா!"

"வலிக்கட்டும். பாஸ் ஆயிட்ட இல்ல? கம்முனு இரு."

சுவரோரம் சத்தமில்லாமல் கிடந்தவருக்கு இருபத்திரண்டு. டாக்டரை அங்கேதான் இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் எரிச்சலோடு வருவார், குனிந்து பார்ப்பார், எரிச்சல் போய்விடும். எப்போதும் இப்படித்தான்.

என் யோசனையைச் சொன்னேன். "ஸ்கூல்லயே காலாண்டு, அரையாண்டுன்னு வெக்கிறாங்க. நீங்களும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மார்க்கு போடுங்களேன்."

"இன்னாப்பா பி.ஏ., என் மார்க்கு தப்புன்றியா? பதினெட்டு வருஷமா ஒரு மார்க்க அடிச்சித் திருத்தினதில்ல. தெரிஞ்சிக்கோ."

அந்த வாரமே, கரும்பு வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்த கெடார் கிராமத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். காதுக்கு மேலே சின்ன வீக்கம், அவ்வளவுதான். அவர் இழுத்த இழுப்பில் மார்க்குவின் மீசையோடு முகமும் கட்டிலுக்கு வந்தது. பங்காளி என்றதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க பெரியப்பன் மவன் இருக்கானே, கெணத்துத் தண்ணி மொறையவே மாத்திட்டான்! வெளங்குவானா அவன்?"

தொண்ணூற்று நான்கு! அதுவரை யாரும் வாங்காத மார்க்கு. "டாக்டரு ஒரு தபா பாத்ததும் ஊருக்குப் போய்க்கினே இருக்கலாம்" என்றார் மார்க்கு. டாக்டரோ வேறொருவருக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் போயிற்று. எனக்குக் கை அரித்தது. மார்க்குவுக்குத் தெரியாமல் போய்க் கேட்டேன்.

"பெரியவரே, பங்காளிங்கள்ல எவன் அயோக்கியன்?"

அரைக்கண்ணில் பார்த்தார். "எல்லாம் நல்ல புள்ளைங்கதான்... பாவம்."

அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அங்காளம்மா கண்ணத் தொறந்துட்டா! இவருக்கு நல்ல புத்தி வரணும்னு மேல்மலையனூருக்கு வேண்டிக்கினே இருந்தேன் தம்பி!"

சிரித்துக்கொண்டே போய் மார்க்குவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பங்காளிய... நல்லவன்னாரா?"

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினார். மீசையைக் கொடுத்தார். வலது கை இழுத்தது. இடது கை பாதி வழி வந்து விழுந்துவிட்டது. நேராக ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், பங்காளிய நல்லவன்றாரு சார்!"

"இதெல்லாம் ஒரு வியாதியாய்யா?"

"கெடார்க்காரருக்கு இதவிடப் பெருசா இன்னா சார் வரணும்?"

டாக்டர் வந்து இமைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணில் பாப்பா சிறியது, இன்னொன்றில் பெரியது. மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது, பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனால்தான் உண்டு என்றார்.

வேனில் நாங்களும் ஏறினோம். வழி முழுக்க மார்க்கு அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தார். வளவனூர் தாண்டியபோது பதில் நின்றுவிட்டது. அந்த அம்மாள் புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு, "திட்டுய்யா, யாரையாவது திட்டுய்யா" என்று அழுதார். மார்க்கு என் கையிலிருந்த தாளை வாங்கி, தொண்ணூற்று நான்கைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினார்.

"முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ்தான்" என்றார். 

பாண்டிச்சேரியில் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, மொட்டைத் தலையோடு பெரியவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலிலேயே பெரியப்பன் மகனைத் திட்டிக்கொண்டுதான் நுழைந்தார். "வேண்டுதல் வீணாப் போச்சு" என்று சிரித்தார் மனைவி. மார்க்கு நூறு போட்டார்.

அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மார்க்கு. இப்போது எனக்கு அடுத்த அரிப்பு வந்துவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மார்க்குப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகுமா? ரோட்டில் அடிபட்ட லாரிக்காரர்கள் வந்து சேருகிற திண்டிவனத்தில், வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். இரண்டாவது ஆள் மார்க்குதான். ரிடையர் ஆகிவிட்டார். "உன்ன நம்பி அடிபட்டவன உட முடியுமா?" என்று கிளம்பி வருகிறார். முட்டிவலி அவருக்கு. சொல்லமாட்டார், நாள் முழுக்க நிற்பார். ஸ்டூல் ஒன்று போட்டு வைக்கும்படி திண்டிவனத்துக்கு எழுதிவிட்டேன்.