ஹாப்கின்ஸ் துரை காலமான வகையில் அரை நாள்

கல்கத்தாவில் வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாடு ஒன்று உண்டு. அதில் படுத்திருப்பவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக எந்தப் புகாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் 1908-ஆம் வருஷம், கல்லறைகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதும்படி எங்கள் ஆபீஸுக்கு உத்தரவு வந்தது. குமாஸ்தா சந்தானத்தை அனுப்பினார்கள்.

சந்தானம் போனார். ஹாப்கின்ஸ் துரையின் கல்லறை மேற்கே சாய்ந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். இடுகாட்டில் கால் வைத்த மனுஷன் குளிக்காமல் வீட்டுப் படி ஏற முடியுமா? நேரே காளிகாட் போய்க் கங்கையில் நாலு முங்கு போட்டார். ஈர வேஷ்டியோடு ஆபீஸுக்கு வர முடியாதே, அரை நாள் போயிற்று.

மறுநாள் தலைமைக் குமாஸ்தா ஹேரம்ப பாபு ஆஜர் புஸ்தகத்தைத் திறந்தார். சந்தானம் ஏழு வருஷமாக டெம்பரரி. அந்த மாசம்தான் பெர்மனென்ட் லிஸ்ட் தயாராகிறது. ஆப்சென்ட் என்று ஒரு வரி விழுந்தால் ஆள் காலி.

"குளிக்க லீவு கிடையாது, சந்தானம் பாபு. துக்க லீவு உண்டு. யார் தவறிப்போனது?"

"ஹாப்கின்ஸ் துரை."

"அடடா! எப்போது?"

"ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழில்."

பாபு அசரவில்லை. "லீவு பாரத்தில் வருஷத்துக்குக் கட்டம் இல்லை. உறவுக்குத்தான் இருக்கிறது. உமக்கு அவர் என்ன வேண்டும்?"

நான்தான் சந்தானத்தின் காதைக் கடித்தேன்: "பெரியப்பான்னு எழுதும் ஓய்!"

"பெரியப்பான்னா பத்து நாள் தீட்டாச்சே!"

"தூரத்துப் பெரியப்பான்னு போடும்."

போட்டார். மேற்படி பந்து காலமான வகையில் அரை நாள் லீவு மஞ்சூர் ஆயிற்று.

அப்புறம் கேட்பானேன்! துரைமார் சொந்தம் இல்லாதவன் மனுஷனே இல்லை என்றாகிவிட்டது. வங்காளிகள் இடுகாட்டு மேஜர்களையும் ஜட்ஜுகளையும் முந்திக்கொண்டு உறவாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு துரைசானி கிடைத்தாள், அத்தை முறை. புண்ணியவதி, மூன்று அரை நாள் கொடுத்தாள்.

லீவு ஃபைல் மேலே போயிற்று. சந்தானம் தினம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். கடைசியில் பெரிய துரையின் உத்தரவு வந்தது:

"இறந்தோரின் பந்துக்களே இந்த ஆபீஸில் ஊழியம் செய்வது கண்டு மெத்த சந்தோஷம். சொந்த மனிதர்களைத் தூரத்தில் உட்கார்ந்து பராமரிப்பது முறையல்ல. ஆகவே அனைவரும் பெர்மனென்ட் ஆக்கப்படுகிறார்கள். ஆபீஸ் இன்று முதல் மேற்படி இடுகாட்டுக்குள் மாற்றப்படுகிறது."

சந்தானத்தின் மேஜை ஹாப்கின்ஸ் துரைக்குப் பக்கத்தில். துரை சாய்ந்திருப்பது அங்கவஸ்திரம் உலர்த்த வசதியாக இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் கேட்டேன்: "ஏன் ஓய், காளிகாட் போக வேண்டாமா?"

"விவரம் தெரியாம பேசறீரே! சர்க்கார் ஆபீஸுக்குத் தீட்டு ஏது?" என்றார்.

அதுவும் வாஸ்தவம்தான். நேரே வீட்டுக்குப் போனேன். காபியை நீட்டிக்கொண்டே என் சம்சாரம் பாகீரதி கேட்டாள்: "புது ஆபீஸ் எப்படி?"

"சுத்தி எல்லாரும் பெரிய துரைகள்தான்" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குள் எங்கள் பேட்டை பவானிபூர் பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வாசலில் ஏழு பேர், பிள்ளைகளுக்கு அங்கே ஒரு இடம் பார்க்கச் சொல்லி.