டம்ப்ளிங்குக்குப் பத்தியம்

மணி பதினொன்று. யார்க்ஷயர் குன்றுச் சரிவில் புல் இன்னும் உறைபனியில் வெள்ளை வெளேரென்றுதான் கிடந்தது. லாயத்துக்குள் டம்ப்ளிங் என்கிற குட்டைக் குதிரை கதவை உதைத்துக்கொண்டிருந்தது. வெளியே அதன் எஜமானி ப்ரெண்டா ஓல்ராய்ட் வானத்தை வைதுகொண்டிருந்தாள்.

"சூரியனாம் சூரியன்! கொஞ்சம் மூஞ்சியைக் காட்டினா என்னவாம்?"

அவள் கவலை அவளுக்கு. உறைபனி படிந்த புல்லில் சர்க்கரை ஏறிவிடும். குண்டுக் குதிரை அதைத் தின்றால் குளம்புக்குள் வீங்கி, நிற்கவே முடியாமல் போகும். டம்ப்ளிங்குக்குப் போன வருஷம் அந்த நோய் ஒரு தடவை வந்துவிட்டது. "இன்னொரு தடவை வந்தா ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்று கால்நடை டாக்டர் ஹெப்வொர்த் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புருஷன் விட்டுப் போனபோதுகூட அழாத ப்ரெண்டா, அன்றைக்கு ஓவென்று அழுதாள்.

அதிலிருந்து, பனி உருகும்வரை குதிரைக்கு வாசல் கிடையாது. இந்த வாரம் பனி உருகினால்தானே!

கெட்டில் கெட்டிலாக வெந்நீரைக் கொண்டுபோய் வயலின் ஓரத்தில் ஊற்றினாள். பனி உருகியது. பத்தே நிமிஷத்தில் அந்த இடம் கண்ணாடியாக உறைந்தது. லாயத்துச் சொந்தக்காரி வெரிட்டி அந்தப் பக்கம் வந்தவள், டீக்கோப்பையும் கையுமாக வேலி வரை வழுக்கிக்கொண்டே போனாள்.

"ஏன்டி, குதிரையைக் காப்பாத்தறேன்னு என்னைக் கொல்லப் பாக்கறியா?"

"ஐயோ வெரிட்டி! எலும்பு ஏதாவது..."

"எலும்பெல்லாம் இருக்கு. டீதான் போச்சு!"

சரி, உள்ளேயே தீனி போடலாம் என்று முடிவானது. காய்ந்த புல்லிலும் சர்க்கரை உண்டு. தண்ணீரில் ஊறவைத்தால் இறங்கிவிடும். ஊறவைத்தாள். காலையில் பார்த்தால் வாளிக்குள் புல் பாறையாக உறைந்திருந்தது. கவிழ்த்துப் போட்டதும் டம்ப்ளிங் விட்டது ஒரு உதை. புல்பாறை பறந்துபோய் எதிர் அறை ஜன்னல் காலி.

லாயத்து வாட்ஸாப் குழுவில் முறையிட்டாள். குழுவில் ஒன்பது பேர். யோசனைகள் பதினான்கு வந்தன. குளிரில்தான் உதைக்கிறது, போர்வை போடு என்றார்கள். மூன்றாவது போர்வையில் டம்ப்ளிங்குக்கு வியர்த்துக் கொட்டியது. ஈரத்தோடு விட்டால் ஜன்னி கண்டுவிடுமே என்று பதறி, தன் தலைமுடி உலர்த்தும் மெஷினைச் செருகினாள். டப்பென்று லாயம் முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் போனதில் குழாய்களைச் சூடாக்கும் மெஷின் நின்று, குழாய்களெல்லாம் உறைந்தன. ஒன்பது குதிரைக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் அத்தனை பேரும் குட்மார்னிங் மட்டும் சொன்னார்கள். அதையும் குதிரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

டாக்டர் ஹெப்வொர்த் வந்தார். டம்ப்ளிங்கின் வயிற்றை டேப்பால் சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினார்.

"போன மாசத்தைவிட ஆறு சென்டிமீட்டர் கூட."

"என்னது?"

"குளம்புலயும் லேசா சூடு தெரியுது. நல்லவேளை, ஆரம்பம்தான். இப்பவே நிறுத்தினா பிழைச்சுக்கும். உண்மையைச் சொல்லுங்க, பனிப்புல்லுல விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்! ஒரு வாய்கூட இல்ல!" ப்ரெண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ காத்தைத் தின்னு கொழுத்துதா?"

குதிரைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பக்கத்துப் பண்ணையின் பால்காரர் ஆல்ஃப், வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, தினமும் விடியக்காலையில இவரே வாயால தாழ்ப்பாளைத் திறந்துகிட்டு எங்க வயலுக்கு மேய வந்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள சமத்தா திரும்பிடறாரு, மறுபடி தாழ்ப்பாள் போடத்தான் அவருக்குத் தெரியல, பாவம், அதை மட்டும் நான்தான் போட்டு விடறேன்."